கரண்ட் போன மத்தியானம்

எங்கிருந்துதான் வருகிறதோ இந்த வெளிச்சம், சனியன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டாயிற்று, துணிக்கு மேலே ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அடைத்தாயிற்று, அட்டைக்கும் சுவருக்கும் நடுவே சப்பாத்தி சுற்றும் வெள்ளித்தாளைத் திணித்தாயிற்று, வாசல் கதவிடுக்கில் அம்மாவின் பழைய நைட்டியைச் சுருட்டி வைத்தாயிற்று, இத்தனைக்குப் பிறகும் பீரோ கைப்பிடியில் ஒரு பொட்டு வெயில் வந்து ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மிருதுளா ஸ்டூலில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஓட்டை அகப்படவில்லை. வெளியே அயனாவரம் முழுக்கப் பங்குனி வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே இவள் பத்துக்குப் பத்து அறையில் நடுராத்திரியை உண்டாக்க வேண்டுமாம். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை, இவளேதான் எழுதிக்கொண்டாள். இரவு, படுக்கையறை, தனியாகத் தூங்கும் ஒரு பெண் திடுக்கிட்டு எழுகிறாள். எழுதுகிறபோது என்ன சுலபம். பேனாவுக்கு ஜன்னலா அடைக்க வேண்டும்? "கொஞ்சம் ப்ளூ ஏத்தட்டுமா?" என்றான் ஜெபராஜ், கேமராவுக்குப் பின்னாலிருந்து. வகுப்பிலேயே கை நடுங்காமல் கேமரா பிடிக்கிறவன் என்று இவனைக் கெஞ்சிக் கூட்டிவந்திருக்கிறாள், காலையிலிருந்து அவன் வாயில் இந்த ஒரே கேள்விதான். விளக்குக்கு முன்னால் நீலத்தாளை ஏற்றினால் அறை மீன்தொட்டி ஆகிவிடுகிறது, இறக்கினால் பகல் திரும்பி வந்துவிடுகிறது. இருட்டு வேண்டும், ஆனால் முகம் தெரிய வேண்டும். முகம் தெரிய வேண்டும், ஆனால் வெளிச்சம் இருப்பது தெரியக் கூடாது. இதென்ன நியாயம், இதை யாரிடம் போய்ச் சொல்வது? போன செமஸ்டரில் இவள் எடுத்த ராத்திரியை சிவசைலம் சார் வகுப்பு நடுவே திரையில் நிறுத்திவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது ராத்திரி இல்லம்மா, கரண்ட் போன மத்தியானம்" என்றார். வகுப்பே சிரித்தது. ஜெபராஜும்தான் சிரித்தான், அப்புறம் இல்லவே இல்லை என்று சாதித்தான். அன்றிலிருந்து எந்த இருட்டான படத்தைப் பார்த்தாலும் அந்த வாக்கியம் முதலில் வந்து குந்திக்கொள்கிறது. நிஜ ராத்திரியிலேயே எடுத்துத் தொலைக்கலாம் என்றால், கல்லூரியில் கேமராவைக் காலையில் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். முன்பு எவனோ ஒருவன் ராத்திரி ஷூட்டிங்கில் லென்ஸைத் தொலைத்தானாம், அந்தப் புண்ணியவானுக்காக இப்போது யாருக்குமே ராத்திரி கிடையாது. டிப்ளமா படத்துக்கு இந்த ஒரு ஷாட்தான் பாக்கி. கேமரா கையில் இருப்பதும் இன்று ஒரு நாள்தான். இது வராவிட்டால் படம் நொண்டி, திரையிடுகிற பட்டியலில் பேர் கிடையாது, மூன்று வருஷமும் கோவிந்தா.

அடுப்படியில் பாய் விரித்து அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அது இங்கிருந்தே தெரிகிறது, அதனாலேயே அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க மிருதுளா படாத பாடு படுகிறாள். அம்மாவுக்கு ராத்திரி வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் விடிய விடிய நின்று, காலையில் வந்து, இந்த அறையில் இந்தக் கட்டிலில் தூங்குகிறவள். "பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சுடுவோம்மா, அப்புறம் நீ நல்லா படுத்துக்கோ" என்று நேற்று வாக்குக் கொடுத்தாயிற்று. பன்னிரண்டு எப்போதோ போய்விட்டது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது திருப்பிக் கத்தலாம். அந்த அடுப்படியில் படுத்தால் தூக்கம் வராது, பக்கத்து வீட்டு மிக்ஸி சுவரையே அரைக்கும், இவளுக்குத் தெரியாதா. இந்த வீட்டில் தூக்கம் எப்படி வரும் எப்படிக் கலையும் என்பதில் இவள் பெரிய பட்டமே வாங்கலாம். அப்பா இறந்துபோன வருஷம், இவள் இரண்டாம் வகுப்பு, அம்மா பகல் வேலையை விட்டு ராத்திரிக்கு மாறினாள். நீ ஸ்கூல் விட்டு வர்றப்ப வீட்ல ஆள் இருக்கணும்ல, என்பாள். ஆள் இருந்தது, தூங்கிக்கொண்டு இருந்தது. காலிங்பெல்லின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். குக்கர் விசில் வருவதற்கு முன் அடுப்பை அணைக்க வேண்டும். டப்பா மூடியைச் சத்தமில்லாமல் திறக்க ஒரு வழி இருக்கிறது, உள்ளங்கையால் முழு மூடியையும் பொத்தி, ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் தூக்க வேண்டும், ஏழு வயதிலேயே இவளுக்கு அது கைவந்த கலை. பாத்திரம் கீழே விழக் கூடாது, அதுதான் இந்த வீட்டின் ஒரே சட்டம். டிவியைச் சத்தமே இல்லாமல் பார்க்கலாம், ஆகவே பார்த்தாள், வருஷக்கணக்காக, உதடுகள் அசைய அசைய, யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தானே வசனம் வைத்துக்கொண்டு. கல்லூரி நேர்முகத் தேர்வில் சினிமா எப்படிப் பிடித்தது என்று கேட்டபோது இதைச் சொன்னாள், எல்லாரும் தலையாட்டி ரசித்தார்கள். ரசிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஸ்கூல் சிநேகிதிகள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாதது, மூடின ஜன்னலும் அம்மாவின் மூச்சும் மட்டுமான அந்தச் சாயங்காலங்கள், இந்த அறையின் மீது வந்த வெறுப்பு, அதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. வெறுப்பா? ஆமாம், வெறுப்புத்தான், என்ன செய்வது. இன்றைக்கு அதே அறையில் அதே இருட்டைக் கொண்டுவர இவள் நாயாய் அலைகிறாள், வரமாட்டேன் என்கிறது. அந்த நாளில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா தூங்காமல் இன்றைக்கு டூட்டிக்குப் போனால் என்ன ஆகும்? ஒரு தடவை அப்படிப் போய், சின்ன அளவு மாத்திரை கேட்டவருக்குப் பெரிய அளவு அட்டையை எடுத்துக் கொடுத்து, அந்த ஆள் படியிறங்கின பிறகு உறைத்து, செருப்புகூடப் போடாமல் ரோடு வரைக்கும் ஓடிப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வந்து சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அன்று காலை காப்பியைத் தொடவே இல்லை. அதை இப்போது ஏன் நினைக்க வேண்டும். முதலில் அந்தப் பீரோ கைப்பிடி.

பீரோவின் மேல் ஒரு கறுப்புத் துண்டைப் போட்டு மூடினாள், இவ்வளவுதான் விஷயம், இதற்கா ஒரு மணி நேரம் போனது, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அது போனால் இன்னொன்று. கேமராவின் முன்புறத்துச் சிவப்புப் பொட்டு விளக்கு எதிரில் இருந்த கண்ணாடியில் தெரிகிறது என்றான் ஜெபராஜ். டேப்பை ஒட்டு என்றாள் இவள், அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினான். கேமராவின் சின்னத் திரையில் வரிசையாக ஓடுகிற எழுத்தும் நம்பரும் கண்ணை உறுத்துகிறது, இருட்டு சரியாகத் தெரியவில்லை என்றாள் இவள், அதையும் அணைத்துவிட்டான். இப்போது திரையில் படம் மட்டும்தான். காற்றில் கொஞ்சம் புகை இருந்தால் வெளிச்சம் மெத்தென்று நிற்கும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், புகை போடுகிற மெஷினுக்கு எங்கே போவது, அம்மாவின் தூபக்காலில் சாம்பிராணியைப் போட்டு விசிறினாள். புகை நேராகப் போய் மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றது. அடுப்படியில் அம்மா இருமினாள். "ரோஸ்லின் அக்கா எப்ப வர்றாங்க?" என்றான் ஜெபராஜ். "வந்துட்டே இருக்காங்க." நாடகக் குழுவில் நடிக்கிற ரோஸ்லின் அக்காதான் தூங்கி எழ வேண்டியவள், காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறாள். ஆள் இல்லாமல் வெளிச்சம் எப்படிப் பார்ப்பது, தலையணைக்கா லைட் போடுவது என்று ஜெபராஜ் முணுமுணுத்தான், அது அம்மா காதில் விழுந்திருக்கிறது. "லைட்டு பாக்கத்தானே தம்பி? நான் படுக்கறேன்" என்று கொண்டையைத் தட்டிக்கொண்டே வந்துவிட்டாள். மிருதுளாவுக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வந்தது, அதற்குள் வேறொரு வாய் "ஜன்னல் பக்கம் திரும்பிப் படும்மா" என்றது. புகை எப்படி இருக்கிறது, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கிறேன் என்று ஜெபராஜ் பட்டனை அமுக்கினான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள், முழங்காலை மடக்கினாள், கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்தாள், அவ்வளவுதான், ஆள் போய்விட்டாள். பேச்சு மூச்சு இல்லை. நீலத்தாளை ஒரு விரற்கடை தள்ளினாள் மிருதுளா. புகை விசிறியை விட்டு இறங்கி வந்தது. என்னவோ ஒன்று, எதுவென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, திரையில் ராத்திரி வந்துவிட்டது. சத்தியமாக ராத்திரி. அம்மாவின் நெற்றி ஓரத்தில் கொஞ்சம், தோளில் கொஞ்சம், மற்றதெல்லாம் இருட்டு. ஜெபராஜ் கையைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தான்.

அப்போதுதான் செல்போன் உதறியது. ரோஸ்லின் அக்கா. சீரியலில் இருந்து திடீரென்று கூப்பிட்டுவிட்டார்களாம், இன்னொரு நாள் நிச்சயம் செய்து தருகிறாளாம், கூடவே கும்பிடுகிற இரண்டு கை பொம்மை. இன்னொரு நாளாம்! மிருதுளாவுக்குப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல வந்தது, அடித்தால் சத்தம் கேட்கும், ஆகவே அடிக்கவில்லை, மெத்தை மேல் மெதுவாக வைத்தாள். பார்த்தாயா, இந்த நேரத்திலும் மெதுவாகத்தான் வைக்கிறாள். ஜெபராஜ் காதருகே வந்தான். "நீ எழுதின ஷாட் என்ன? ஒரு லேடி தூங்குறாங்க, திடுக்குனு எழுந்திரிக்கிறாங்க. ஆன்ட்டி நிஜமாவே தூங்குறாங்க. எழுப்பு. அவ்வளவுதான்." முடியாது என்றாள். முடியாது என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தாள். இந்த முகத்தை ரோஸ்லின் அக்கா இந்த ஜென்மத்தில் கொண்டுவர முடியாது. இன்னும் பத்து நிமிஷம் தூங்கட்டும். பத்து நிமிஷத்தில் புகை போய்விடும். புகை போனால் மறுபடி போடலாம். போட்டால் இருமல் வந்து தானே எழுந்துவிடுவாள், அப்போது தூக்கமும் இல்லை ஷாட்டும் இல்லை. எப்படியும் அவளை எழுப்பிக் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, துணியெல்லாம் கழற்ற வேண்டும், அதற்கு எழுப்புவதை ஷாட்டுக்காகவே எழுப்பினால் என்ன? எழுந்ததும் திரும்பப் படுத்துக்கொள்ளட்டும். இப்போது எழுப்பினால் திரும்பத் தூக்கம் வராது, அது இவளுக்கு நன்றாகத் தெரியும், பட்டம் வாங்கியவள் அல்லவா. மாத்திரை அட்டை. செருப்பில்லாமல் ரோட்டில் ஓடியது. சிவசைலம் சாரின் மூக்குக்கண்ணாடி. வகுப்பு சிரித்தது. ஒரே ஒரு தடவை, என் ஆயுசில் ஒரே ஒரு தடவை எனக்காக எழுந்தால் குறைந்தா போய்விடுவாள், என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் தூக்கிவாரிப் போட்டது, அவள் ராத்திரி முழுக்க எழுந்து நிற்பது வேறு யாருக்காகவாம்? அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே கால் அடுப்படிக்குப் போய்விட்டது. தோளைத் தொட்டு எழுப்பினால் அம்மா மெதுவாகத்தான் எழுவாள், அது ஷாட் ஆகாது. எவர்சில்வர் தட்டு கையில் இருந்தது. பதினாலு வருஷமாக இந்த வீட்டில் விழாத தட்டு. ஜெபராஜ் கேமராவின் பட்டனை அமுக்கிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். மிருதுளா கண்ணை மூடிக்கொண்டு தட்டைக் கீழே விட்டாள்.

அம்மா எழுந்தாள் என்று சொல்ல முடியாது, யாரோ பிடித்துத் தூக்கிப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தாள். இருட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், "ஐயோ, நேரமாச்சா? ஏன்டி எழுப்பல?" என்று கால்களைத் தொங்கப்போட்டுச் செருப்பைத் துழாவினாள், ஒரு கையால் கொண்டையைப் போட்டாள், மறுகை தலையணைக்கடியில் வாட்ச்சைத் தேடியது. இவர்கள் பண்ணின ராத்திரியை ராத்திரி என்றே நம்பிவிட்டாள். ராத்திரியைத் தவிர வேறெதையும் அறியாதவளே நம்பினாள் என்றால் சிவசைலம் சார் எம்மாத்திரம்! மிருதுளாவுக்கு ஒரு சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது, அது சந்தோஷமே இல்லை என்றும் தெரிந்தது. "மதியம்தான்மா, ஷூட்டிங்மா" என்றாள். அம்மா ஒரு நிமிஷம் விழித்து, பிறகு நெஞ்சில் கைவைத்து, "அடிப்பாவி" என்று சிரித்தாள். ஜெபராஜ் பட்டனை அமுக்கி நிறுத்தினான். நிறுத்தினவன் உதட்டைப் பிதுக்கினான். ஆன்ட்டி சட்டுனு முன்னால வந்துட்டாங்க, ஃபோகஸ் போயிருக்கும்னு நினைக்கிறேன், பேட்டரி கம்மியா இருக்கு, போட்டுப் பாக்க முடியாது, எதுக்கும் இன்னொண்ணு எடுத்துடலாம். இன்னொண்ணு. அம்மா, அதையே இன்னொரு தடவை பண்ணும்மா, என்றாள் மிருதுளா. எதைடி? இப்ப எழுந்தியே, அதை. அம்மா பதவிசாகப் படுத்தாள், கண்ணை இறுக்கி மூடினாள், ஆக்‌ஷன் என்றதும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்தாள். கேமராவைப் பார்க்காதம்மா. மறுபடி. இந்தத் தடவை உதட்டோரம் சிரிப்பு. சிரிக்காதம்மா. மறுபடி. இந்தத் தடவை எழுவதற்கு முன்பே செருப்பைத் தேடினாள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஜெபராஜ் நிறுத்தினான், இவள் புகை போட்டாள், தாளைத் தள்ளினாள், கத்தினாள். மெதுவாகப் பேசிப் பேசியே வளர்ந்த தொண்டைக்குள் இவ்வளவு சத்தம் எங்கே இருந்தது? "தூங்கி எழுந்திரிக்கக்கூடவாம்மா உனக்குத் தெரியாது?" என்று கேட்டாள். கேட்டது காதில் விழுந்தது, நின்று யோசிக்க நேரமில்லை, தூபக்கால் அணைந்துவிட்டது. அம்மா முன்னைவிட மும்முரமாக நடித்தாள், நெஞ்சைப் பிடித்தாள், மூச்சு வாங்கினாள், பாவம், ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாக வந்தது. கடைசியில் துணியின் கட்டு அவிழ்ந்து அறைக்குள் சாயங்கால வெயில் சொத்தென்று விழுந்தபோது, போதும், பேக்கப், என்று ஜெபராஜே சொன்னான்.

அம்மா முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். "கொஞ்ச நேரமாவது படும்மா" என்றாள் மிருதுளா. "எங்கடி நேரம்? பஸ்ஸுல தூங்கிக்கறேன்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, நல்லா வந்துச்சா என்று கேட்டாள், ரொம்ப நல்லா வந்திருக்கும்மா என்று இவள் சொன்னாள். படியில் இறங்கும்போது அம்மா போனில் யாரிடமோ, கூட வேலை பார்க்கிறவளாக இருக்கும், "தூக்கமா? அதை விடு, நான் இன்னிக்கு நடிச்சிருக்கேன் தெரியுமா, ஹீரோயினே வரலை, நான்தான்" என்று பேசிக்கொண்டே போனாள். அறையில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜெபராஜ் திரும்பிப் பார்க்கவேயில்லை. "மிருது, இங்க வா" என்றான், குரல் சரியாக இல்லை. முதல் துண்டில் புகை இருந்தது, அம்மா வந்து படுத்தாள், தூங்கிப் போனாள், தூங்கிக்கொண்டே இருந்தாள், தட்டு விழுவதற்கு ஒரு நொடி முன்னால் படம் நின்றுவிட்டது. அப்புறம்? அப்புறம் அதுதான். டெஸ்ட் எடுக்க அமுக்கினவன் நிறுத்த மறந்துபோனான். சிவப்பு விளக்கில் டேப், திரையில் எழுத்தும் இல்லை, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்க வழியில்லை. ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே பட்டன், ஓடவிடுவதாக நினைத்து அமுக்கினபோது நின்றது, நிறுத்துவதாக நினைத்து அமுக்கினபோது ஓடியது. கடைசிவரைக்கும் எல்லாமே தலைகீழ். எடுத்த டேக்கில் ஒன்றுகூட இல்லை. அந்த ஐயோ நேரமாச்சா இல்லை. இருப்பதெல்லாம் நடுவில் நடந்தது மட்டும்தான். மிருதுளாவுக்கு அழக்கூட வரவில்லை, அவனை நாலு அறை அறையலாம், ஆனால் டேப்பை ஒட்டச் சொன்னது யார், எழுத்தை அணைக்கச் சொன்னது யார், இவள்தான். "ஸாரி மிருது." "பேசாதே." அடுத்த துண்டு ஓடியது. அருமையான நீல இருட்டு. சட்டகத்துக்கு வெளியே இவள் குரல், கேமராவைப் பார்க்காதம்மா. கட்டில் விளிம்பில் அம்மா தலையாட்டினாள். அடுத்தது. தூங்கி எழுந்திரிக்கக்கூடவாம்மா உனக்குத் தெரியாது? அம்மா சிரித்தாள், கேட்டவள் புகையைக் கவனிக்கத் திரும்பியதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, தலை சாய்ந்தது, உட்கார்ந்தபடியே தூங்கினாள், தானே உதறிக்கொண்டு நிமிர்ந்தாள், மறுபடி சாய்ந்தாள். அதற்கடுத்ததில் இவள் யாரையோ எதற்கோ கத்திக்கொண்டிருக்க, அம்மா இவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, மெதுவாக, இந்த வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாக, "அஞ்சு நிமிஷம் இப்படியே சாஞ்சுக்கட்டுமாடி?" என்று கேட்டாள். அம்மா கொஞ்சம் காத்திருந்தாள். "அம்மா, ரெடி!" என்று இவள் குரல் வந்தது. அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு படுத்தாள். மிருதுளாவின் காதில் இது விழவே இல்லை, இதே அறையில் அவளுக்கு இரண்டடி தூரத்தில் அம்மா கேட்டது இது. மறுபடி போடு என்றாள். போட்டான். மறுபடி போடு என்றாள். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கேவலமாக, ஷாட் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றும் தெரிந்தது. ஜெபராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எழுந்திரிக்கிறதைவிட இது பிரமாதமா இருக்கு மிருது. உன் குரலை மட்டும் எடுத்துட்டா போதும், இதான் படம்."

"எடுக்காதே" என்றாள் மிருதுளா.

"யாரு இப்படிக் கத்துறதுன்னு சார் கேப்பாரு."

"கேக்கட்டும். நான்தான்னு சொல்றேன்."